தனி ஒலி கண்ட கிளென் மில்லர்

புகழ்பெற்ற கலைஞர் அனைவரும் பிறவி மேதைகள் என்று எண்ணுவது நம் வழக்கம். தம் திறமையின் எல்லையை உணர்ந்து, அதன் பின்னரே உயர்ந்தவர்களும் உண்டு. அமெரிக்க ஜாஸ் இசையில் 'ஸ்விங்' என்னும் ஆடலிசை கோலோச்சிய நாளில் புகழின் உச்சியில் நின்ற கிளென் மில்லர் அத்தகையவர்.

1904 மார்ச் 1 அன்று அயோவா மாநிலத்துக் கிளாரிண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் பால் கறந்து சேர்த்த காசில் முதல் டிராம்போனை வாங்கினார். நீண்ட குழாயை முன்னும் பின்னும் நகர்த்திச் சுரம் எழுப்பும் பித்தளை ஊதுகருவி அது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், இசைப் பற்றால் படிப்பை முடிக்காமலே வெளியேறினார்.

பென் போலாக்கின் குழுவில் வாசித்துவந்தபோது, 1928இல் ஜாக் டீகார்டன் அங்கு வந்து சேர்ந்தார். அவர் டிராம்போன் மேதை. தனி வாசிப்புகள் அவர் வசமாயின. அவரை எட்ட இயலாது என்பதை உணர்ந்த மில்லர், எந்தக் கருவி எப்பொழுது எந்தச் சுரத்தை ஒலிக்க வேண்டும் என்று வகுத்தெழுதும் கலையில் கருத்தூன்றினார். பின்னர் நியூயார்க்கில் ஜோசப் ஷில்லிங்கரிடம் மாணவராகவும் அமர்ந்தார்.

1937இல் அவர் தொடங்கிய சொந்தக் குழு ஓராண்டுகூட நிலைக்கவில்லை. பத்தோடு பதினொன்றாக ஒலித்ததே அதன் குறை. 1938இல் மீண்டும் குழு அமைத்தார். இம்முறை கிளாரினெட் மெட்டை ஏந்திச் செல்ல, டெனர் சாக்சபோன் அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே தொடர, ஏனைய சாக்சபோன்கள் இடையே இணைசுரங்களை நிரப்பின. கேட்டவுடன் இது மில்லர் குழு என்று சொல்லத்தக்க ஒலி பிறந்தது!

1939 கோடையில் கிளென் ஐலண்ட் கேசினோவிலிருந்து வானொலி வழியே அவ்வொலி நாடெங்கும் பரவியது. 'மூன்லைட் செரினேட்', 'இன் தி மூட்' இரண்டும் அவ்வாண்டில் பதிவானவையே. 'சட்டனூகா சூ சூ' இசைத்தட்டு 12 இலட்சம் விற்றதற்காக, 1942 பிப்ரவரியில் பொன்முலாம் பூசிய தட்டு அவருக்கு வழங்கப்பட்டது.

அவ்வாண்டிலேயே, புகழும் பொருளும் பெருகிய வேளையில், குழுவைக் கலைத்துவிட்டு 38ஆம் வயதில் தாமாக முன்வந்து இராணுவத்தில் சேர்ந்தார். விமானப்படை இசைக்குழுவை அமைத்து, 1944இல் இங்கிலாந்து சென்று, ஊரையும் உறவையும் பிரிந்து நின்ற வீரர்களுக்கு இசை விருந்தளித்தார்.

1944 டிசம்பர் 15 அன்று, பாரிஸில் தம் குழுவின் வருகைக்கு ஏற்பாடு செய்ய ஒற்றை எஞ்சின் விமானத்தில் புறப்பட்டார். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கையில் அது மறைந்தது. விமானமும் கிடைக்கவில்லை, அதிலிருந்த மூவரும் கிடைக்கவில்லை. அப்போது மில்லருக்கு வயது 40. தலைவரை இழந்த குழுவோ பாரிஸ் சென்று வீரர்களுக்கு வாசித்தது.

தம்மினும் சிறந்த ஒருவரைக் கண்டபோது மில்லர் இசையை விட்டு ஓடவில்லை. இசைக்குள்ளேயே தமக்குரிய இடத்தைத் தேடினார். முதல் முயற்சி சரிந்தபோது அதன் குறையைக் கண்டு திருத்தினார். மாணவர்களாகிய நாம் அவர் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது இதுவே அன்றோ!