கோட்டின் ஆசான் பால் கிளே

ஓவியத்தின் அழகு வண்ணச் செழிப்பால் மட்டும் அமைவதன்று. புள்ளி, கோடு, வடிவம், நிறம் ஆகியவை தமக்குள் கொள்ளும் உறவே ஓவியத்தை ஓவியமாக்குகிறது. இவ்வுண்மையைத் தூரிகையாலும் வகுப்பறையிலும் உணர்த்திய பெருங்கலைஞர் பால் கிளே.

அவர் 1879 டிசம்பர் 18ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை ஜெர்மானியர்; இசையாசிரியர். வயலினில் இளமையிலேயே தேர்ச்சி பெற்ற கிளே, இசையா ஓவியமா என்ற தயக்கம் தீர்ந்து, 1898இல் மியூனிக் சென்று ஓவியம் பயின்றார். 1906இல் பியானோ கலைஞர் லில்லியை மணந்தார். மனைவி பியானோ கற்பித்துப் பொருளீட்ட, கிளே சமையலையும் மகனின் வளர்ப்பையும் ஏற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தே வரைந்துவந்தார்.

கோடு அவருக்கு எளிதில் வசப்பட்டது. வண்ணமோ நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. 1914 ஏப்ரலில் நண்பர்களுடன் துனீசியா சென்றபோதுதான் அத்தடை அகன்றது. உடன் சென்ற ஓவியர் ஆகஸ்ட் மாக்கே அவ்வாண்டு செப்டம்பரிலேயே முதல் உலகப்போரில் மாண்டார்.

வைமர் நகரில் இயங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1921இல் கிளே ஆசிரியப் பொறுப்பேற்றார். தம் பாடங்களின் சாரத்தை 1925இல் சிறு நூலாக வெளியிட்டார். புள்ளி நகர்ந்தால் கோடு. கோடு நகர்ந்தால் தளம். எனவே வடிவம் என்பது இயக்கத்தின் விளைவே என அவர் விளக்கினார். படத்தின் ஒருபுறம் கரிய பெருவடிவம் நின்றால் பார்வை அப்பக்கம் சாயும். எதிர்ப்புறத்தில் அதற்கு ஈடான எடை வேண்டும். அந்த ஈடு அளவால் ஒத்திருக்க வேண்டுவதில்லை. சிறியதாயினும் அழுத்தமான நிறம் பெரிய வெளிறிய பரப்பைத் தாங்கிவிடும். கைக்கோல் ஏந்திக் கயிற்றின்மேல் நடப்பவனைச் சமநிலைக்கும், சதுரங்கப் பலகையின் கட்டங்களை லயத்திற்கும் அவர் சான்றாகக் கொண்டார்.

1932இல் தீட்டிய ‘அட் பர்னாசம்’ இக்கொள்கைகளுக்குச் சிறந்த விளக்கம். எண்ணற்ற சிறு வண்ணப் புள்ளிகள் பரப்பை நிறைக்கின்றன; அவற்றின்மேல் கூரை போன்ற சில கோடுகளும் செம்மஞ்சள் வட்டம் ஒன்றுமே உள்ளன. அவ்வட்டத்தை மறைத்துப் பார்த்தால் படமே நிலைகுலையும்.

மறுஆண்டு நாஜி ஆட்சி அவரை டுஸ்ஸல்டார்ஃப் கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கியது. பெர்ன் திரும்பிய அவரை 1935இல் கொடுநோய் பற்றியது. தோல் இறுகும் நோய் அது என்று பிற்கால மருத்துவர் கருதினர். 1936இல் ஏறத்தாழ இருபத்தைந்து படைப்புகளே அவரால் இயன்றன. 1937இல் அவருடைய ஓவியங்கள் இழிகலை எனப் பழிக்கப்பட்டு மியூனிக்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

நோயுற்ற நிலையிலும் அவர் ஓயவில்லை. முன்னைய நுண்கோடுகளின் இடத்தில் தடித்த கருங்கோடுகள் தோன்றின. சாக்குத்துணியில் ஒட்டிய செய்தித்தாளின்மேல் 1938இல் தீட்டிய ‘இன்சுலா டுல்கமாரா’வில் சில கோடுகளே பெரும்பரப்பைத் தாங்கி நிற்கின்றன. 1939ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை ஆக்கினார். விண்ணப்பித்திருந்த சுவிஸ் குடியுரிமை கைக்கு வருமுன்பே, 1940 ஜூன் 29ஆம் நாள் மறைந்தார்.

கற்பித்த நெறி கற்பித்தவரையே இறுதிக்காலத்தில் தாங்கியது. கோடு குறைந்தபோதும் சமநிலை குறையவில்லை. சொல்லைக் குறைத்துப் பொருளைப் பெருக்க விழையும் கவிஞர்க்கும் கிளேயின் வாழ்வு நல்லதோர் பாடமாகும்.