ரகசிய ஆற்றை உலகத்துக்கே சொல்லிவிட்டுத் தவித்த எழுத்தாளர்: யார் இந்த ஸேன் கிரே?

ஆள் அரவமே இல்லாத ஓர் அருவியைப் பார்த்தால் முதலில் என்ன செய்வோம்? போட்டோ எடுத்து, லொகேஷன் போட்டு, ஸ்டேட்டஸ் வைப்போம். அடுத்த வருஷம் அங்கே போனால் வண்டி நிறுத்தக்கூட இடம் இருக்காது. இது இன்ஸ்டாகிராம் காலத்துப் பிரச்னை மட்டும் இல்லை. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பே, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவருக்கு இதே அனுபவம் நடந்திருக்கிறது. அவர் பெயர் ஸேன் கிரே. கௌபாய் கதைகளின் சூப்பர் ஸ்டார்.

பல் டாக்டர் டு பெஸ்ட் செல்லர்

1872-ல் ஓஹியோ மாநிலத்தின் ஸேன்ஸ்வில் ஊரில் பிறந்தார். அந்த ஊரே அவருடைய அம்மா வழி முன்னோர் உருவாக்கியதுதான். அப்பா பல் டாக்டர், ரொம்பக் கண்டிப்பானவர். மகனும் அதே தொழிலுக்கு வரணும் என்பது அவர் முடிவு. ஆனால் மகனுக்குப் பிடித்தது மூன்றே விஷயம்: பேஸ்பால், எழுத்து, மீன்பிடி.

பேஸ்பால் திறமையால் கிடைத்த ஸ்காலர்ஷிப்பில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தார். 1896-ல் பட்டம் வாங்கி நியூயார்க்கில் கிளினிக் வைத்தார். பகலில் பல் பிடுங்குவார், ராத்திரியில் கதை எழுதுவார். 1903-ல் வந்த முதல் நாவலை யாரும் வெளியிட முன்வராததால் அவரே அச்சடிக்க வேண்டியதாயிற்று.

1905-ல் டாலியைக் கல்யாணம் செய்துகொண்டார். பிழை திருத்துவது, பதிப்பாளர்களிடம் பேசுவது, கணக்கு வழக்கு எல்லாமே டாலிதான் பார்த்துக்கொண்டார். கணவருக்குப் பல பெண்களோடு உறவு இருந்தது தெரிந்தும் இந்த வேலைகளை அவர் விடவில்லை. 1912-ல் வெளியான ‘ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்’ நாவல் கிரேயின் வாழ்க்கையையே மாற்றியது. புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றன. ஹாலிவுட் அவர் கதைகளை வரிசையாகப் படமாக்கியது. வந்த பணத்தில் பெரும்பகுதி மீன்பிடிக்கே போனது.

அது என்ன ஸ்டீல்ஹெட்?

ஸ்டீல்ஹெட் என்பது ரெயின்போ ட்ரௌட் மீன்தான். ஆனால் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படி இல்லை, சில மீன்கள் பிழைத்துத் திரும்பக் கடலுக்குப் போகும்.

இதைப் பிடிக்க மண்புழு மாதிரி இரை போடாமல், இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலச் செய்த முள்ளை வீசுவதுதான் ஃப்ளை ஃபிஷிங். மணிக்கணக்கில் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நிற்கணும். நாள் முழுக்க வீசியும் ஒரு மீன்கூடச் சிக்காமல் போகலாம். டஹிட்டி கடலில் 1930-ல் 1,040 பவுண்டு மார்லினை இழுத்த கிரேயை, சில பவுண்டு எடையுள்ள இந்த ஆற்று மீன்தான் படாதபாடு படுத்தியது.

ரோடே இல்லாத இடத்தில் ஒரு குடில்

ஓரிகனின் ரோக் ஆறு மலைகளுக்கு நடுவே பாய்ந்து பசிபிக்கில் கலக்கிறது. 1925-ல் கிரே தன் குழுவோடு படகுகளில் அந்த ஆற்றின் ஆபத்தான வேகச் சுழல்களைக் கடந்து இறங்கினார். வழியில் பார்த்த விங்கிள் பார் என்ற இடம் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. 1926-ல் தங்கச் சுரங்கத்துக்காகப் பதிவான அந்த நிலத்தை வாங்கி, மரக்கட்டையில் குடில் கட்டினார். அங்கே போக ரோடு கிடையாது.

அங்கே பிடித்த மீன், தப்பவிட்ட மீன் எல்லாவற்றையும் அவர் எழுதினார். 1928-ல் வந்த அவரது நன்னீர் மீன்பிடிப் புத்தகத்தில் ரோக் ஆற்றுக்குப் பெரிய இடம் இருந்தது. அடுத்து, ஆற்றின் முகத்துவாரத்தில் வலை போட்டு சால்மனை அள்ளிய டப்பா மீன் தொழிலை மையமாக வைத்து ஒரு தொடர்கதை எழுதினார். ‘ரோக் ரிவர் ஃப்யூட்’ என்ற பெயரில் அது புத்தகமானது 1948-ல், அவர் இறந்த பிறகு.

கோடிக்கணக்கானோர் படிக்கும் எழுத்தாளர் ஓர் ஆற்றைப் பற்றி எழுதினால் என்ன ஆகும்? கூட்டம் வந்தது. தனிமை தேடிப் போனவருக்கு அதே ஆற்றில் நின்று வீச இடம் பிடிப்பதே போட்டியானது. கடைசியில் அவரே அங்கிருந்து கிளம்பினார்.

அடுத்த ஆறு

1932 முதல் நார்த் அம்ப்குவா ஆற்றங்கரையில் கோடைதோறும் முகாம் போட்டார். ரோக்கைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்த ஆற்றைப் பற்றி அவர் எழுதவில்லை. சூடு கண்டுவிட்டார் போல.

ஆனால் அந்தக் காலமும் நீடிக்கவில்லை. 1937-ல் அந்த ஆற்றங்கரையில் இருந்தபோதே பக்கவாதம் தாக்கியது. 1939 அக்டோபர் 23-ல், கலிஃபோர்னியாவில் 67 வயதில் இறந்தார்.

இன்று அந்த ஆறுகள்?

1968-ல் அமெரிக்கா காட்டாறுகளைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, முதலில் சேர்க்கப்பட்ட எட்டு ஆறுகளில் ரோக்கும் ஒன்று. இப்போது மே 15 முதல் அக்டோபர் 15 வரை, அதன் காட்டுப் பகுதியில் படகில் இறங்க ஒரு நாளைக்கு 120 பேருக்குத்தான் அனுமதி. சொந்தமாகப் போகிறவர்களுக்குக் குலுக்கல் முறை. வழியில் இருக்கும் சில லாட்ஜ்களில் தங்கணும் என்றால் படகிலோ நடந்தோதான் போகணும்.

கிரேயின் குடில் இன்னும் விங்கிள் பாரில் நிற்கிறது. 2008-ல் அந்த நிலம் அரசின் கைக்கு வந்தது. நார்த் அம்ப்குவாவில் சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்கு ஃப்ளை ஃபிஷிங் மட்டுமே செய்யலாம்.

இதற்கெல்லாம் கிரேதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பின்னால் வந்த பலரின் உழைப்பு இதில் இருக்கிறது. அதே சமயம், பெயரே தெரியாத ஆற்றைக் காப்பாற்ற யாரும் கிளம்புவதும் இல்லை. அடுத்த முறை லொகேஷன் போடும் முன் கிரே ஞாபகத்துக்கு வந்தால், போடலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு பண்ணுங்க.