லியாங் சிச்செங்

லியாங் சிச்செங் (ஏப்ரல் 20, 1901 – சனவரி 9, 1972) சீனாவைச் சேர்ந்த கட்டிடக் கலைஞரும் கட்டிடக்கலை வரலாற்றாளரும் ஆவார். சீனாவின் பழமையான மரக் கட்டிடங்களை முறைப்படி அளந்து ஆவணப்படுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர். பெய்ஜிங்கின் பழைய நகரத்தையும் அதன் மதில்களையும் காப்பதற்கு இவர் எடுத்த முயற்சிகளுக்காகவும் அறியப்படுகிறார். அம்முயற்சிகள் இவரது வாழ்நாளில் வெற்றி பெறவில்லை.

இளமையும் கல்வியும்

இவரது தந்தை லியாங் சிச்சாவோ புகழ்பெற்ற சீர்திருத்தவாதி. 1898 ஆம் ஆண்டின் சீர்திருத்த இயக்கம் தோல்வியுற்றதால் அவர் சப்பானில் அடைக்கலம் புகுந்திருந்தார். அக்காலத்தில் டோக்கியோவில் பிறந்த சிச்செங், சீனாவில் மன்னராட்சி வீழ்ந்த பின்னர் குடும்பத்துடன் தாயகம் திரும்பினார். 1924 இல் லின் ஹுயியினுடன் அமெரிக்கா சென்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை பயின்றார். கட்டிடக்கலைத் துறையில் அன்று பெண்களைச் சேர்ப்பதில்லை. எனவே லின் நுண்கலைத் துறையில் சேர்ந்து, கட்டிடக்கலைப் பாடங்களையும் கற்றார். இருவரும் 1928 இல் மணம் புரிந்தனர். அதே ஆண்டில் சென்யாங் நகரிலுள்ள வடகிழக்குப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலைத் துறையைத் தொடங்கினர்.

கள ஆய்வுகள்

1931 இல் பெய்ஜிங்கில் இயங்கிய சீனக் கட்டிடக்கலை ஆய்வுக் கழகத்தில் லியாங் இணைந்தார். கழகத்தினர் சிற்றூர்களுக்குச் சென்று கோயில்களையும் கோபுரங்களையும் அளந்து வரைபடங்கள் தயாரித்தனர். 1056 இல் எழுப்பப்பட்ட யிங்சியான் மரக்கோபுரம் இவ்வாறு ஆய்வு செய்யப்பட்டது. தாங் மரபுக் காலத்து மரக் கட்டிடம் எதுவும் சீனாவில் எஞ்சவில்லை எனச் சப்பானிய அறிஞர்கள் கருதிவந்தனர். 1937 இல் வூத்தாய் மலைப் பகுதியில் ஃபோகுவாங் கோயிலைக் கண்டு ஆராய்ந்த லியாங் குழுவினர், அதன் மண்டபம் 857 ஆம் ஆண்டைச் சேர்ந்தது என நிறுவினர். உத்தரத்தில் மங்கியிருந்த எழுத்துக்களை முதலில் கவனித்தவர் லின் ஆவார். சில நாட்களில் சப்பானுடன் போர் மூண்டது. குடும்பம் தென்மேற்குச் சீனாவுக்கு இடம்பெயர்ந்து, லிசுவாங் என்னும் சிற்றூரில் வறுமையிலும் நோயிலும் வாழ்ந்தது. அங்கும் லியாங் சீனக் கட்டிடக்கலை வரலாற்றை எழுதினார். 1946 இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலைத் துறையை நிறுவினார்.

பெய்ஜிங் மதில்கள்

பெய்ஜிங்கின் உள்நகர மதில் மிங் மரபினரால் கட்டப்பட்டது. தெற்கே வெளிநகர மதில் 1553 இல் சேர்க்கப்பட்டது. 1644 இல் நகரைக் கைப்பற்றிய மஞ்சு இனத்தவரான சிங் மரபினர், 1648 இல் உள்நகரிலிருந்த ஹான் சீனப் பொதுமக்களை வெளிநகருக்குச் செல்லுமாறு ஆணையிட்டனர். உள்நகரம் மஞ்சு, மங்கோலிய, ஹான் படைப்பிரிவுகளைக் கொண்ட எட்டுக் கொடிப் படையினருக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் ஒதுக்கப்பட்டது. வெளிநகரில் வணிக வீதிகளும் நாடக அரங்குகளும் வளர்ந்தன. ஹுயி முசுலிம்களின் நியுசியே பகுதியும் அங்கேயே அமைந்திருந்தது. இவ்வாறு மதில் நகரத்தின் பாதுகாப்பு அரணாக மட்டுமன்றி மக்களைப் பிரிக்கும் எல்லையாகவும் விளங்கியது.

1950 ஆம் ஆண்டுத் திட்டம்

மக்கள் சீனக் குடியரசு அமைந்த பின்னர், 1950 பெப்ரவரியில் லியாங்கும் நகரத் திட்டமிடலாளர் சென் சான்சியாங்கும் ஒரு திட்டத்தை முன்வைத்தனர். புதிய அரசு அலுவலகங்களைப் பழைய நகருக்கு வெளியே மேற்கில் அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பழைய நகரில் நெரிசல் பெருகும் என்றும், வீடுகளை இடிக்கவும் மக்களை இடமாற்றவும் நேரும் என்றும் அவர்கள் விளக்கினர். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமான மதிலின் மேற்பரப்பைப் பொதுமக்களுக்கான பூங்காவாக மாற்றலாம் எனவும் லியாங் பரிந்துரைத்தார். இதனால், ஒருகாலத்தில் மக்களைப் பிரித்த மதில் அனைவருக்கும் பொதுவான இடமாகியிருக்கும். ஆனால், தியனன்மென்னை மையமாகக் கொண்டு பழைய நகரிலேயே தலைநகரை அமைக்கச் சோவியத் வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். அரசும் அதையே ஏற்றது.

1950களில் வெளிநகர மதில் இடிக்கப்பட்டது. 1965 இல் தொடங்கிய சுரங்கத் தொடருந்துப் பணிக்காக உள்நகர மதிலின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டது.

இறுதிக்காலமும் நினைவும்

1955 இல் லின் காலமானார். பழைய பாணியைக் கட்டிடங்களில் புகுத்துகிறார் என அதே ஆண்டில் லியாங் கடுமையாகக் குற்றம் சாட்டப்பட்டார். பண்பாட்டுப் புரட்சியின்போதும் துன்புறுத்தப்பட்டு, 1972 இல் பெய்ஜிங்கில் இறந்தார். போர்க்காலத்தில் இவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1984 இல் அமெரிக்காவில் வெளிவந்தது.

மிங் கால மதிலில் ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் நீளமான பகுதி பின்னர் பூங்காவாகப் பேணப்பட்டது. இடிக்கப்பட்ட யொங்திங் வாயில் 2004 இல் மீளக் கட்டப்பட்டது. நெரிசலைக் குறைப்பதற்காகப் பெய்ஜிங் மாநகர அரசு 2019 இல் தன் தலைமையகத்தைக் கிழக்கிலுள்ள தொங்சோவுக்கு மாற்றியது. லியாங்கும் லின்னும் 1930களில் வாழ்ந்த வீடு, எதிர்ப்புகளுக்கிடையே 2012 இல் இடிக்கப்பட்டது.