வழுவமைதி பெற்ற ஓசை

நன்னூலிலே வழுவமைதி என்று ஒன்று சொல்லப்படும். திணை மயங்கிப் பேசினால் அது வழு. ஆயினும், தன் பசுவைக் கண்டு உவந்த ஒருவன் அதனைத் தாயென்று சொல்லி, உயர்திணை முடிபும் கொடுத்துப் பேசுவானாயின், இலக்கண ஆசிரியர் அவனைத் தண்டிப்பதில்லை. உவகை காரணமாக வந்தது. ஆதலின் அமைக என்று விட்டுவிடுகின்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதனை மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன். ஓசையிலும் இவ்வாறு ஒன்று உண்டென்பதை எனக்குக் கற்பித்தவரோ, சிறு வயதிலே பள்ளிக்கூடத்தை விட்டோடிய ஓர் அமெரிக்கர்.

அவரை நான் அறிந்துகொண்டது தற்செயலாக. என் பழைய மாணவர் ஒருவர், வால்வு வைத்த பழைய றேடியோக்களையும் அம்பிளிபயர்களையும் தேடியெடுத்துத் திருத்துபவர்; மவுத் ஓகனும் வாசிப்பார். ஒருநாள் ஓர் இசைப் பதிவைப் போட்டு என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். கருவி கரகரத்தது, இழுத்த சுரங்கள் ஓரம் கிழிந்த சீலைபோல் வந்தன. அவருடைய பெட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணி, அவ்வாறே சொல்லியும் விட்டேன். மாணவர் சிரித்தார். அந்தப் பழுதை உண்டாக்குவதற்கே தாம் மாதக் கணக்காகப் பாடுபடுவதாகச் சொன்னார். அன்று கேட்டது ‘ஜூக்’ என்னும் இசை. வாசித்தவர் லிற்றில் வோல்ற்றர். என் வாயினின்றும் வந்த சொல்லை நான் மீட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காகவே அவருடைய வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

மரியன் வோல்ற்றர் யேக்கப்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்தில், மார்க்ஸ்வில் என்னும் ஊரிலே பிறந்தார். 1930ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி பிறந்தார் என்பதே பலரும் கொள்வது. வளர்ந்தது அலெக்சாந்திரியா நகரை அடுத்த நாட்டுப்புறம். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையும் நல்ல பள்ளியும் மறுக்கப்பட்டிருந்த காலம் அது. பன்னிரண்டு வயதளவிலே படிப்பைக் கைவிட்டு நியூ ஓர்லியன்ஸ் நகருக்குப் போய்விட்டார். பின்பு ஹெலினா, மெம்பிஸ், சென்ற் லூயிஸ் என்று ஊர் ஊராகத் திரிந்தார். தெருவில் நின்று வாசித்தார். போட்ட சில்லறையைப் பொறுக்கினார். மூத்த இசைஞர் பலரை வழியிலே கண்டு, அவர்களோடு சேர்ந்து வாசித்துக் கற்றார். அவருக்குக் கிடைத்த கல்வி அதுதான்.

கையில் இருந்த கருவி ஆர்மோனிக்கா. நம்முடைய ஆர்மோனியத்துக்கு இது நெருங்கிய உறவு; இரண்டிலும் காற்றுப்பட்டு அதிரும் உலோக நாக்குகளே சுரம் தருவன. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, 10 துளைகள், 20 நாக்குகள். சேர்மனியிலே துரொசிங்கன் என்னும் ஊரில் ஹோனர் நிறுவனத்தார் 1896ஆம் ஆண்டு முதல் செய்துவரும் மரீன் பாண்ட் என்னும் வகை, இந்த இசைஞர்களிடையே பெரிதும் வழங்கியது. ஊதினால் மூலச் சுருதியின் சுரங்கள் இசைவாக எழும். செய்தவர்கள் கருதியது அந்த ஊதலையே. அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பின இசைஞர் அதைத் தலைகீழாக்கினர். ஊதுவதைக் குறைத்து மூச்சை உள்ளே இழுத்தனர். மூலச் சுருதிக்குப் பஞ்சமமான சுரத்தை ஆதாரமாகக் கொண்டனர். அவ்வாறு இழுக்குமிடத்து, நாவையும் தொண்டையையும் வளைத்தால் சுரமும் வளைந்து இறங்கும். அழுகைக்கும் ஏக்கத்துக்கும் இடமுண்டாகும். புளூஸ் என்னும் பாட்டு மரபுக்கு வேண்டியது அந்த வளைவு. கருவி செய்தவர் கண்ணுக்கு இது பிழையான வாசிப்பு. வோல்ற்றர் பிறப்பதற்கு முன்னரே இது மரபாகிவிட்டது.

1940களின் நடுவிலே அவர் சிக்காகோ வந்து சேர்ந்தார். அக்காலத்தில் தெற்கிலிருந்து இலட்சக் கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர். சிக்காகோவில் மக்ஸ்வெல் வீதி என்றொரு வீதி. ஞாயிறுதோறும் அங்கே திறந்தவெளிச் சந்தை கூடும். இசைஞர் அருகிலுள்ள வீட்டிலோ கடையிலோ மின்சாரம் வாங்கி, கம்பி இழுத்து, நடைபாதையில் நின்று வாசிப்பர். வோல்ற்றரும் அங்கேதான் நின்றார். அவருடைய முதல் இசைத்தட்டும் 1947இல் அந்த வீதியிலிருந்த ஒரு சிறு கடைக்காரரின் முயற்சியால் வெளிவந்தது. அதைக் கேட்டால், அப்பொழுது புகழ்பெற்றிருந்த ஜோன் லீ ‘சொனி போய்’ வில்லியம்சன் என்பாரின் வழியிலே நடக்கும் ஓர் இளைஞர் தெரிகின்றார். நல்ல மாணாக்கர்; இன்னும் ஆசிரியரைத் தாண்டவில்லை. அந்த வில்லியம்சன் 1948 யூனில் சிக்காகோவிலே கொலையுண்டு இறந்தார். அதே ஆண்டு வோல்ற்றர், மடி வோற்றர்ஸ் என்னும் பெரும் பாடகரின் குழுவிற் சேர்ந்தார்.

மடி வோற்றர்ஸ், ஜிம்மி றொஜர்ஸ், வோல்ற்றர் ஆகியோர் ஓய்வு நாட்களிலே பிற குழுவினர் வாசிக்கும் மதுச்சாலைகளுக்குப் போய், இடம் கேட்டு மேடையேறி, அவர்களை வென்று வருவார்களாம். தலைவெட்டிகள் என்று அவர்களுக்குப் பட்டப்பெயர் வழங்கியது. நம் புலவர்கள் வாதுக்குப் போன கதைகள் எனக்கு நினைவு வந்தன.

இங்கே ஓர் இடர் நேர்ந்தது. நாட்டுப்புறத்திலே திண்ணையில் இருந்து வாசித்த இசை, நகரத்து மதுச்சாலையின் ஆரவாரத்துக்கு ஈடுகொடுக்கமாட்டாது. கிற்றார்கள் மின்சாரம் பெற்றுவிட்டன. முரசும் சேர்ந்தது. உள்ளங்கை அளவான ஆர்மோனிக்கா அவற்றின் நடுவே காணாமற் போயிற்று. ஒலிவாங்கியின் முன்னே நின்று வாசிப்பது ஒரு வழி. வேறு சிலரும் அவருக்கு முன்பே ஒலிவாங்கியைத் துணைக்கொண்டனர். அவர்கள் அதனை ஓசையைப் பெரிதாக்கும் பொருட்டே கொண்டனர். வோல்ற்றர் அந்த மின்சாரத்தையே வாசிக்கத் தொடங்கினார்.

எப்படி? மலிவான ஒலிவாங்கி ஒன்றை ஆர்மோனிக்காவோடு சேர்த்து இரு கைகளாலும் இறுகப் பொத்திக்கொள்வார். காற்று வெளியேற இடமில்லை. அந்தச் சிற்றறைக்குள் எழும் அழுத்தம் முழுவதும் ஒலிவாங்கியைத் தாக்கும். கூர்மையான மேலோசைகள் அடங்கிக் கீழோசை தடிக்கும். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னலை வழக்கத்தினும் பன்மடங்கு வலிதாய் அம்பிளிபயரின் முதல் வால்வை அடையும். வால்வு தன் எல்லைக்கு மேற்பட்டதைத் தாங்காது. அலையின் முடியையும் அடியையும் வெட்டித் தட்டையாக்கிவிடும். வெட்டுண்ட அலையிலே முன்னில்லாத மேற்றொனிகள் பிறக்கும். இரண்டு துளைகளைச் சேர்த்து இழுத்தால், அவ்விரு சுரங்களின் கூட்டாலும் கழிவாலும் உண்டாகும் வேறு ஒலிகளும் உடன் எழும். நான் கரகரப்பு என்று சொன்னது இதைத்தான். கையைச் சற்றே திறந்தால் ஓசை தெளியும். மூடினால் தடித்து உறுமும். பொறியியலாளர் குறை என்று ஒதுக்கிய ஒன்றை, வேண்டும்போது வருவித்து வேண்டாதபோது விலக்கும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது. குறையைக் காரணத்தோடு ஆளுகின்றவனுக்கு இலக்கணம் வழிவிடும் என்று மேலே சொன்னேன்.

இந்த முறையில் அவர் வாசித்து இசைத்தட்டிலே கேட்பது முதன்முதல் 1951 யூலையில், மடி வோற்றர்ஸின் ‘கன்ரி போய்’ என்னும் பாட்டில். அடுத்த ஆண்டு மே 12ஆம் திகதி, மடியின் குழுவினரோடே ‘ஜூக்’ பதிவாயிற்று. பாட்டில்லாத வெறும் வாத்திய இசை. செக்கர் நிறுவனத்தார் அதனை வோல்ற்றர் பெயரால் வெளியிட்டனர். பில்போட் இதழின் றிதம் அன்ட் புளூஸ் வரிசையிலே 8 வாரம் அது முதலிடத்தில் நின்றது. ஆர்மோனிக்காவுக்கு அந்த வரிசையில் அப்படியொரு பெருமை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை; பின்னும் கிடைத்ததில்லை. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் இனி இன்னொருவருக்குப் பக்கவாத்தியமாக இருப்பாரா? மடியின் குழுவை விட்டார். ஜூனியர் வெல்ஸ் என்பவர் வாசித்துவந்த ஏசஸ் குழுவை வோல்ற்றர் தமதாக்கிக்கொள்ள, வெல்ஸ் மடியிடம் போனார். ஏசஸ் குழுவில் மையர்ஸ் சகோதரர் இருவர் கிற்றார். பிரெட் பிலோ முரசு. பிலோவுக்கு ஜாஸ் இசையிற் பயிற்சி இருந்தமையால் தாளம் துள்ளிற்று. லூயிஸ் ஜோர்டன் என்பாரின் சக்சபோன் வாசிப்பை வோல்ற்றர் ஆர்வத்தோடு கேட்டு வளர்ந்தவர்; அந்த ஓட்டத்தை 10 துளைப் பெட்டியில் இறக்குவதற்கு இவர்கள் ஏற்ற துணை.

1952 முதல் 1958 வரை 14 இசைத்தட்டுகள் முதற் பத்து இடங்களுக்குள் ஏறின. வில்லி டிக்சன் எழுதிய ‘மை பேப்’ 1955இல் 5 வாரம் முதலிடம் பெற்றது. பழைய பக்திப் பாட்டொன்றின் மெட்டைக் காதலுக்கு மாற்றியது அது. மேடையிலே பிரிந்த பின்னரும், மடியின் பதிவுகளுக்கு வோல்ற்றரையே நிறுவனத்தார் அழைத்தனர்.

என் மாணவரிடம் திரும்புகின்றேன். அவரிடமிருப்பது கிற்றாருக்காகச் செய்த பழைய பெட்டி. ஆர்மோனிக்காவை அதில் இணைத்தால், ஓசை தடிப்பதற்கு முன்னரே ஊளையிடத் தொடங்கும். ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் ஒலிவாங்கிக்குட் புகுந்து சுழல்வதே காரணம். ஆதலால் முதலிடத்திலுள்ள 12 ஏஎக்ஸ் 7 என்னும் வால்வை எடுத்துவிட்டு, 12 ஏயூ 7 வால்வைச் செருகினார். குதிகள் ஒன்றே, பெருக்கும் ஆற்றல் மட்டும் 100 இலிருந்து 20 அளவுக்கு இறங்கும். ஊளை அடங்கிற்று, ஒலியை உயர்த்தி, ஈற்றிலுள்ள பெரிய வால்வுகளைத் திணறச் செய்ய இடம் வந்தது. அவருடைய ஒலிவாங்கி பளிங்கு வகை. அது 1 மெகா ஓம் தடையோடு இணைந்தால் கீழோசையை இழக்கும். 5 மெகா ஓம் வைத்தார். வால்வுகளுக்கு இடையிலுள்ள கொண்டென்சரையும் சற்றுப் பெரிதாக்கினார். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் இடத்தில் வால்வே இருக்கவேண்டும் என்றார். வலிந்த சுரம் வரும்போது அது சிறிது தளர்ந்து கொடுக்க, சுரம் அமுங்கி எழுமாம். இவற்றைச் செய்யும் இளைஞர்க்கு ஒன்று சொல்லவேண்டும். மின்சாரத்தைக் கழற்றிய பின்னரும் அந்தக் கொண்டென்சர்களிலே சில நூறு வோல்ற்று நின்றுகொண்டிருக்கும். அறிந்தவர் ஒருவர் அதனை இறக்கிக் காட்டாமல் உள்ளே கைவைக்க வேண்டாம்.

திருத்தம் முடிந்து வாசித்தார். ஓசை வந்தது. வோல்ற்றர் வரவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. கைகளைப் பொத்தும் முறையை இப்பொழுது நாள்தோறும் பழகுகின்றார். வோல்ற்றருக்கு இன்ன பெட்டி என்ற நியமம் இருந்ததில்லை. பெட்டிகள் மாறின, கையும் மூச்சும் மாறவில்லை.

பிற்காலம் துன்பமானது. றொக் அன்ட் றோல் வந்து இளைஞர் செவியைக் கவர்ந்தது. குடி மிகுந்தது. முன்கோபக்காரர்; சண்டை தேடியும் வந்தது, தேடாமலும் வந்தது. முகத்திலே தழும்புகள் ஏறின. 1964இல் பிரித்தானியாவுக்கும், 1967இல் அமெரிக்க நாட்டார் புளூஸ் விழாக் குழுவோடு ஐரோப்பாவுக்கும் போய் வாசித்தார். அந்த 1967ஆம் ஆண்டுப் படச்சுருள் எஞ்சியுள்ளது, கண்டேன். முப்பத்தேழு வயதினருக்குரிய முகமன்று அது. தளர்ந்த வாசிப்பு என்று சிலர் குறைகூறுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேகம் குறைந்திருக்கலாம், சுரத்தை எங்கே வளைப்பது, எங்கே விடுவது என்ற தெரிவு குறையவில்லை.

1968 பெப்ரவரியில் சிக்காகோவிலே ஓர் இரவு மீண்டும் ஒரு கைகலப்பு. காயம் பெரிதாகத் தெரியவில்லை. நண்பி ஒருவரின் வீட்டிலே உறங்கியவர் எழுந்திருக்கவில்லை. அன்று பெப்ரவரி 15ஆம் திகதி. இதயத்திலே குருதி உறைந்தமையே காரணம் என்று பதிந்தனர்.

றொக் அன்ட் றோல் புகழ்மண்டபத்திலே 2008ஆம் ஆண்டு அவர் பெயர் சேர்ந்தது. அதற்கு நெடுநாள் முன்னரே, அவர் வாசித்த முறையைப் பின்பற்றாதவர் அத்துறையில் அரியர் என்னும் நிலை வந்துவிட்டது. ஆனால், இலினோய் மாநிலத்து எவர்கிறீன் பார்க் என்னும் இடத்திலே, சென்ற் மேரிஸ் இடுகாட்டில் அவரை அடக்கிய குழிக்கு ஒரு கல்லும் இல்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1991இல் அவருடைய இசையை விரும்பிய இரசிகர் இருவரின் முயற்சியால் அங்கே பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது.