வங்கி எழுத்தரின் குரல்

இங்கிலாந்தின் நூலாலை நகரான அக்ரிங்டனில் 1887இல் பிறந்த டெரெக் ஓல்டம், முதலில் வங்கி எழுத்தர். உறுதியான மாதச் சம்பளத்தைத் துறந்து 1914இல் லண்டன் மேடையேறினார். பொருளியல் கற்பித்த நான் அதை நல்ல முதலீடென்று சொல்லியிருக்க மாட்டேன். அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. போர்முனையிலிருந்து ‘மிலிட்டரி கிராஸ்’ விருதுடன் மீண்டவரை 1919இல் டாய்லி கார்ட் நாடகக் குழு சேர்த்துக்கொண்டது.

கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த நகைச்சுவை இசைநாடகங்களில், ஆண்குரலில் உயர்ந்ததான ‘டெனர்’ குரலுக்குரியவை காதலன் வேடங்கள். கைதட்டல் பெரும்பாலும் கோமாளிக்கே. ஆயினும், டெனர் சிரிக்காமல், உண்மையான காதலனைப்போல் உருகிப் பாடினால்தான் கேலி எடுபடும். ஓல்டம் அதை அறிந்தவர்.

மேடைப்பாட்டு அன்றிரவே மறைந்துவிடும் சரக்கு. ஒலிப்பதிவால் அவர் குரல் அவ்விதியிலிருந்து தப்பியது; 1925வாக்கில் மின் ஒலிவாங்கியும் வந்தது. பக்கத்துக்கு நான்கு நிமிடமே கொள்ளும் அரக்கு இசைத்தட்டுகளில், 1926இல் ‘மிகாடோ’வின் நாயகன் நாங்கி-பூவாகப் பாடினார். ‘கோண்டோலியர்ஸ்’ முதலியவை தொடர்ந்தன. 1936இல் ‘மிகாடோ’ மீண்டும் பதிவானபோதும் அவரே நாங்கி-பூ. அந்த இளங்காதலனுக்குக் குரல் கொடுத்தவருக்கு அப்போது வயது 49.

1968இல் அவர் மறைந்தார். குழு 1982இல் மூடப்பட்டது. அந்தப் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன.