ரைட் சகோதரர்களைத் தெரியும்.. பல்லாவரத்தில் விமானம் ஓட்டிய மெட்ராஸ் ஹோட்டல்காரரைத் தெரியுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு விமானம் ஒன்றும் அதிசயம் இல்லை. தலைக்கு மேல் சத்தம் கேட்டால் குழந்தைகள் மட்டும்தான் அண்ணாந்து பார்ப்பாங்க. ஆனால் 1910-ல் இதே மெட்ராஸில் ஒருத்தர் சொந்தக் காசைப் போட்டு, உள்ளூர் பட்டறையிலேயே ஒரு விமானத்தைச் செய்து, பல்லாவரத்தில் அதை ஓட்டிப் பார்த்தார். அவர் ராணுவ அதிகாரியோ, என்ஜினீயரோ இல்லை. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர்.

பெயர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். அன்றைய மெட்ராஸில் வசதியானவர்கள் மத்தியில் இவரைத் தெரியாதவர்கள் குறைவு. இன்றைக்கு நகரத்தில் அவரை நினைவுபடுத்த பெரிதாக எதுவும் இல்லை. யார் இவர்? என்ன செய்தார்? பாடப் புத்தகங்களில் ஏன் இவர் பெயர் இல்லை? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த டி ஏஞ்சலிஸ்?

டி ஏஞ்சலிஸின் பூர்வீகம் கோர்சிகா. மத்தியதரைக் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. நெப்போலியன் பிறந்ததும் அங்கேதான். 1880-ல் மெட்ராஸுக்கு வந்த அவர், 'மேசோன் ஃபிரான்சேஸ்' என்ற பெயரில் கேக், மிட்டாய் வகைகள் விற்கும் கடையைத் தொடங்கினார். 'பிரெஞ்சு வீடு' என்பதுதான் அதற்கு அர்த்தம்.

கடை சீக்கிரமே சூடுபிடித்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் விருந்துகளுக்கு இங்கிருந்துதான் பண்டங்கள் போயின. 1900 முதல் 1906 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த ஆம்ப்டில் பிரபுவுக்கு விருந்து தயாரித்துக் கொடுக்கும் அளவுக்கு அவர் பெயர் வளர்ந்தது.

அடுத்த கட்டமாக மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், தன் பெயரிலேயே ஒரு ஹோட்டலை நடத்தினார். மின்விசிறி, லிஃப்ட், ஐஸ் தயாரிக்கும் இயந்திரம் என்று அந்தக் காலத்து மெட்ராஸுக்குப் புதுசாக இருந்த வசதிகளை எல்லாம் உள்ளே கொண்டு வந்தார். உலகத்தில் ஒரு புது மெஷின் வந்தால் அது தன் கையிலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். அந்தக் குணம்தான் அவரை விமானம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

விமான ஆசை எப்படி வந்தது?

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். 1903 டிசம்பர் 17. அமெரிக்காவின் கிட்டி ஹாக் கடற்கரையில் ரைட் சகோதரர்களின் 'ஃபிளையர்' பறந்தது. முதல் முறை காற்றில் இருந்தது வெறும் 12 விநாடி. போன தூரம் சுமார் 36 மீட்டர். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் இரண்டு ரயில் பெட்டி நீளம்கூட இல்லை.

ஆனால் உலகம் முழுக்கப் பரபரப்பை உண்டாக்கியது 1909 ஜூலை 25-ல் நடந்த சம்பவம். பிரான்ஸைச் சேர்ந்த லூயி பிளேரியோ, 25 குதிரைத்திறன் இன்ஜின் பொருத்திய சின்ன விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தின் டோவரில் இறங்கினார். பயணம் 40 நிமிடத்துக்கும் குறைவு. பரிசுத் தொகை 1,000 பவுண்டு.

பிளேரியோவின் பின்னணி முக்கியம். அவர் கார்களுக்கு முகப்பு விளக்கு தயாரித்து விற்ற தொழிலதிபர். அதில் சம்பாதித்த பணத்தை விமான சோதனைகளில் கொட்டினார். பல முறை கீழே விழுந்தார், அடிபட்டார். கால்வாயைத் தாண்டிய பிறகு அவருடைய விமானத்துக்கு ஆர்டர் குவிந்தது.

இந்தச் செய்தி மெட்ராஸில் இருந்த டி ஏஞ்சலிஸையும் தொட்டது. ஒரு விளக்கு வியாபாரியால் முடிந்தது ஹோட்டல்காரரால் முடியாதா? கப்பலில் விமானத்தை வரவழைப்பது ஒரு வழி. அவர் அதைச் செய்யவில்லை. இங்கேயே செய்வது என்று இறங்கினார்.

விமானம் எங்கே தயாரானது?

மவுண்ட் ரோட்டிலேயே இருந்த சிம்ப்சன் நிறுவனத்தில். 1840-ல் தொடங்கப்பட்ட சிம்ப்சன், குதிரை வண்டிகள் கட்டுவதில் பேர் பெற்றது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவிக் காரையே செய்து ஓட்டிக் காட்டியவர். இந்தியாவில் உருவான முதல் நீராவிக் கார் அது என்று சொல்லப்படுகிறது.

வண்டிப் பட்டறையில் விமானமா என்று ஆச்சரியப்பட வேண்டாம். அந்தக் காலத்து விமானத்தில் அலுமினியத் தகடு, கண்ணாடி ஜன்னல் எதுவும் கிடையாது. லேசான மரச்சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, சட்டத்தை விறைப்பாகப் பிடிக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, ஒரு இன்ஜின், மரத்தில் இழைத்த காற்றாடி. அவ்வளவுதான். பிளேரியோவின் விமானம் ஓடியது சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பிச் சக்கரங்களில். ரைட் சகோதரர்களோ சைக்கிள் கடைக்காரர்கள். தங்கள் விமானத்தின் காற்றாடிகளைச் சுழற்ற சங்கிலியைத்தான் பயன்படுத்தினார்கள்.

அதனால் மரத்தை வளைக்கத் தெரிந்த தச்சர், இரும்பை அடிக்கத் தெரிந்த கொல்லர், துணி தைக்கத் தெரிந்தவர் எல்லோரும் இருக்கிற வண்டிப் பட்டறைதான் இந்த வேலைக்குச் சரியான இடம். வடிவமைப்பு டி ஏஞ்சலிஸுடையது, கைவேலை சிம்ப்சன் தொழிலாளர்களுடையது. அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் செய்திகளில் இடம்பெறவில்லை. ஆனால் மெட்ராஸில் ஒரு விமானத்துக்கு உருவம் கொடுத்தது அவர்களின் கைகள்தான்.

பல்லாவரத்தில் என்ன நடந்தது?

1910 மார்ச். விமானம் பல்லாவரத்துக்குக் கொண்டு போகப்பட்டது. பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல் வழியாக இன்றைக்கு பஸ்ஸில் போனால் டிராஃபிக்கில் திணறித்தான் பல்லாவரம் போய்ச் சேர முடியும். அப்போது அது மலையும் திறந்த வெளியுமாக இருந்த இடம். பெரிய மரமோ வீடோ குறுக்கே வராத சமதரை இருந்தால்தான் ஆரம்ப கால விமானத்தை ஓட்டிப் பார்க்க முடியும்.

சோதனை முயற்சி என்பதால் குறைந்த சக்தி கொண்ட இன்ஜினைத்தான் பொருத்தியிருந்தார். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பயிற்சி கொடுக்க ஆள் இல்லை. ஊரில் விமானம் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் இல்லை. ரிப்பேர் என்றால் உதிரி பாகத்துக்குக் கப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டும். ரைட் சகோதரர்களில் இளையவரான ஆர்வில், 1908-ல் நடந்த விபத்தில் படுகாயம் அடைந்திருந்தார். கூடப் பறந்த ராணுவ அதிகாரி உயிரிழந்தார். இதெல்லாம் தெரிந்திருந்தும் நடுத்தர வயதைத் தாண்டிய ஒரு வியாபாரி அந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

டி ஏஞ்சலிஸின் முயற்சி பற்றி 1910 மார்ச் 10-ம் தேதி 'தி இந்து' நாளிதழில் செய்தி வந்தது. பிறகு தீவுத்திடலில் கட்டணம் வைத்து பொதுமக்களுக்கும் விமானத்தைக் காட்டினார் என்று நகர வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. ஹோட்டல்காரர் அல்லவா? செலவு செய்த காசைக் கொஞ்சமாவது திரும்ப எடுக்கும் வழியும் தெரிந்திருந்தது.

அப்படியென்றால் இந்தியாவின் முதல் விமானம் எது?

இங்கேதான் சிக்கல். பெரும்பாலான புத்தகங்கள் இந்திய விமான வரலாற்றை அலகாபாத்தில் இருந்துதான் தொடங்கும். 1910 டிசம்பரில் அங்கே நடந்த கண்காட்சிக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலில் விமானங்கள் வந்தன. டிசம்பர் 10-ம் தேதி கீத் டேவிஸ் என்பவர் பறந்து காட்டினார். 1911 பிப்ரவரி 18-ல் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி, சுமார் 6,500 கடிதங்களோடு அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்தார். தூரம் சுமார் 10 கி.மீ. உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் சேவை என்று இது கொண்டாடப்படுகிறது.

தேதியைப் பாருங்க. பல்லாவரம் 1910 மார்ச். அலகாபாத் 1910 டிசம்பர். ஒன்பது மாத வித்தியாசம். இதனால்தான் சென்னை வரலாற்றை எழுதிய எஸ்.முத்தையா போன்றவர்கள் டி ஏஞ்சலிஸை முன்னோடியாகக் காட்டினார்கள். இந்தியாவில் மட்டுமல்ல, ஆசியாவிலேயே முதல் விமானப் பறப்பு இதுதான் என்று சொல்பவர்களும் உண்டு.

ஆனால் 'பறத்தல்' என்பதற்கான அளவுகோல் அந்தக் காலத்தில் ஆளுக்கு ஆள் மாறும். தரையை விட்டு எழும்பினால் போதுமா? இவ்வளவு தூரம் போக வேண்டுமா? திரும்ப வேண்டுமா? உயரத்தையும் தூரத்தையும் அளந்து சான்று கொடுக்கும் அமைப்பு எதுவும் பல்லாவரத்தில் நிற்கவில்லை. 'முதல்' என்ற பட்டத்தில் தகராறு வருவது அதனால்தான்.

அலகாபாத் ஜெயித்தது எப்படி?

காகிதத்தால்! பெக்கே கொண்டு போன ஒவ்வொரு கடிதத்திலும் தனி முத்திரை குத்தப்பட்டிருந்தது. அந்தக் கடிதங்களை உலகம் முழுக்கத் தபால்தலை சேகரிப்பவர்கள் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 1961-ல் 50-வது ஆண்டுக்கு இந்தியா நினைவுத் தபால்தலைகளையும் வெளியிட்டது. ஆதாரம் வீடு வீடாக இருந்தது.

டி ஏஞ்சலிஸுக்குப் பின்னால் அரசு இல்லை, கண்காட்சி இல்லை, முத்திரை இல்லை. மிஞ்சியது நாளிதழ் செய்தி. விமானம் மரமும் துணியும்தானே? காப்பாற்றி வைக்க ஆள் இல்லாவிட்டால் கரையான் தின்றுவிடும். ஹோட்டலும் பிற்பாடு கைமாறி 'பொசோட்டோ' ஆனது. அந்தப் பெயரும் இப்போது இல்லை.

காகிதத்தில் செய்து பார்க்கலாமா?

தாராளமா செய்யலாம். அந்தக் கால விமானம் ஏன் அப்படி இருந்தது என்று புரிய இதைவிட நல்ல வழி இல்லை. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ரைட் சகோதரர்களின் ஃபிளையரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இறக்கை நீளம் சுமார் 12.3 மீட்டர். 50-ல் ஒரு பங்காகச் செய்தால் சுமார் 25 சென்டிமீட்டர்.

* சார்ட் பேப்பரில் ஒரே அளவில் இரண்டு பட்டைகளை வெட்டுங்கள். இவைதான் மேல் இறக்கை, கீழ் இறக்கை. தனியாகப் பிடித்தால் இரண்டும் தொங்கும்.
* நடுவில் பல்குத்தும் குச்சிகளை வரிசையாக நிறுத்தி பசை போட்டு ஒட்டுங்கள். இப்போதும் கொஞ்சம் ஆடும்.
* குச்சிகளுக்கு இடையே தையல் நூலைப் பெருக்கல் குறி மாதிரி இழுத்துக் கட்டுங்கள். ஆட்டம் நின்றுவிடும்.

அந்தக் காலத்து விமானங்களில் பலவற்றுக்கு இரண்டடுக்கு இறக்கை இருந்ததற்குக் காரணம் இதுதான். எடை ஏறாமல் பலம் கிடைக்கும்.

இன்னொரு சின்ன சோதனை. டூத்பேஸ்ட் அட்டைப்பெட்டியின் இரு முனைகளையும் திறந்துவிட்டு, ஒரு முனையை வலதுபக்கமும் மறு முனையை இடதுபக்கமும் முறுக்குங்கள். மேல் பக்கமும் கீழ் பக்கமும் சேர்ந்து முறுகும். 1899-ல் வில்பர் ரைட் சைக்கிள் டியூப் வந்த ஒரு பெட்டியை இப்படி முறுக்கியபோதுதான், இறக்கையை முறுக்கி விமானத்தைச் சாய்க்கலாம் என்ற யோசனை அவருக்கு வந்தது. அந்தச் சகோதரர்களுக்குப் பறக்கும் ஆசை வந்ததே சின்ன வயதில் அப்பா வாங்கி வந்த, மூங்கிலும் காகிதமும் தக்கையும் ரப்பரும் சேர்ந்த ஒரு பறக்கும் பொம்மையால்தான்.

மெட்ராஸ் அதன் பிறகு என்ன செய்தது?

பல்லாவரத்துக்குப் பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம் வந்தது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி.டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்ட, அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டு வந்தார் நெவில் வின்சென்ட்.

மேற்குப் புறநகரும் சும்மா இருக்கவில்லை. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. பிறகு தொழிற்பேட்டையும் நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகளும் வந்தன. ஆவடியில் பீரங்கி வண்டிகளுக்காக அமைந்த பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், தேஜஸ் போர் விமானத்துக்கான கியர் பெட்டியையும் உருவாக்கியிருக்கிறது. தரையில் ஓடுவதைச் செய்யும் கைகள் வானத்தில் பறப்பதையும் செய்யும் என்று 1910-லேயே காட்டியது மவுண்ட் ரோடு வண்டிப் பட்டறை.

டி ஏஞ்சலிஸ்தான் முதல் ஆளா என்ற விவாதம் முடியாமலே போகலாம். ஆனால் வெளிநாட்டில் இருந்து விமானம் வந்து இறங்கும் வரை காத்திருக்காமல், மெட்ராஸிலேயே செய்ய முடியும் என்று நம்பிக் காசையும் உயிரையும் பணயம் வைத்தவர் அவர். அடுத்த முறை பல்லாவரம் மேம்பாலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது தலைக்கு மேல் விமானம் போனால், அந்த ஹோட்டல்காரரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.