சிந்தாமணியைத் தேடிய தமிழ்த் தாத்தா

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் சமண அறம் போற்றுகிறது. கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் சைவர் ஒருவருக்கு மனமுவந்து சாத்திர தானம் அளித்தனர். அதன் பயனாகவே சீவக சிந்தாமணி முழுவதும் உரையுடன் அச்சேறியது. அத்தானத்தைப் பெற்றவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

அவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லுநர். ஆங்கிலமோ வடமொழியோ கற்பதே நன்மை தரும் என்று பலர் கூறியும், சாமிநாதையர் தம் உள்ளம் விரும்பிய தமிழையே தேர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டு அக்டோபரில் அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணங்களை ஐயர் அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று வினவினார். இல்லை என்றே ஐயர் விடையிறுக்க நேர்ந்தது. ஆசிரியப் பதவியும் புகழும் கைவந்திருந்த அவர், கற்றது போதும் என்று அமைந்திருந்தால் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும் முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியைப் பெற்று மீண்டும் மாணவரானார்.

நூலில் வந்த சமணக் கோட்பாடுகள் அவருக்கு விளங்கவில்லை. எனவே சந்திரநாத செட்டியார் முதலிய சமணர்களின் இல்லங்களுக்குச் சென்றார். ஏட்டளவில் மறைந்துகிடந்ததாகத் தாம் எண்ணிய நூலை அவர்கள் பக்தியுடன் முறையாகப் படித்து வருவதைக் கண்டு வியந்தார். ஐயங்கள் பல அங்கே நீங்கின. அவருடைய ஆர்வத்தைக் கேட்டறிந்த ஓர் இல்லத்து அம்மையார், அவரைப் பவ்விய ஜீவன் என்றே மதித்தார். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிர் என்பது அதன் பொருள்.

சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிப்பது தகாது என்று எதிர்த்தோரும் இருந்தனர். ஐயர் தம் சமயத்தினின்று சிறிதும் வழுவவில்லை; எடுத்த பணியையும் கைவிடவில்லை. 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியன தொடர்ந்தன.

1942 ஏப்ரல் 28இல் திருக்கழுக்குன்றத்தில் மறையும்வரை, தமக்கென வகுத்துக்கொண்ட நெறியிலேயே அவர் வாழ்ந்தார். அறியாமையை உணர்தல், அறிந்தாரை நாடுதல், பிறர் சொல்லுக்கு அஞ்சாது தெளிந்ததைச் செய்தல் என்பனவே அந்நெறி.

இவ்வரலாற்றில் சமணக் குடும்பங்களுக்குரிய பங்கு பெரிது. கும்பகோணத்து வீடுகளில் வாசிப்பு நின்றுபோயிருந்தால், தேடிவந்த ஐயருக்கு விளக்கம் சொல்ல ஆளிருந்திராது. சிற்றூர்களை விட்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனக் குடியேறிய இல்லங்களிலும் நாளும் சில பாடல்களேனும் பொருளுணர்ந்து படிக்கப்படுமாயின், சுவாத்தியாயம் என்னும் அவ்வறம் அடுத்த தலைமுறைக்கும் கிட்டும். ஐயம் கேட்டு வருவோர் எச்சமயத்தவராயினும், அவர்களுக்குச் சொல்ல ஒரு விடையும் இருக்கும்.